பால்வாடியோ நர்சரியோ, மிஸ்ஸோடு கூட்டு சேருங்கள்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளை பள்ளியில் இருப்பது ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம். மீதி இருபது மணி நேரமும் நம்மிடம்தான். ஆனாலும், “ஃபீஸ் கட்டியாச்சு, இனி மிஸ் பாத்துப்பாங்க” என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறோம். அந்தப் பக்கம் மிஸ், “வீட்டுல என்ன நடக்குதுன்னு யாரும் சொல்றதே இல்ல” என்று அலுத்துக்கொள்கிறார். நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன நர்சரியில் பல வருடம் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு இருந்தவள். அப்புறம் என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கும் அம்மாக்களில் ஒருத்தியாகவும் இருந்தேன். முதல் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பப்போகிறவர்களுக்காக, இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. சேர்ப்பதற்கு முன்: பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள்

நம் பகுதியில் இருக்கும் வழிகள் இவ்வளவுதான். பால்வாடி என்று நாம் சொல்கிற அங்கன்வாடி, தனியார் ப்ளே ஸ்கூல், நர்சரியோடு சேர்ந்த மெட்ரிக் பள்ளி. சில அரசுப் பள்ளி வளாகங்களிலேயே எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடக்கிறது.

பால்வாடியைப் பற்றி ஒரு வார்த்தை. “அங்க சோறு மட்டும்தான் போடுவாங்க” என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வருவது இது. இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வியும் அதன் வேலைதான். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் தனிப் பாடத்திட்டமே உண்டு. மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, மாதா மாதம் எடை பார்ப்பது எல்லாம் இலவசம். நல்ல டீச்சர் அமைந்த பால்வாடி, வாடகை மாடியில் நடக்கும் பல ‘இன்டர்நேஷனல்’ நர்சரிகளைவிட மேல் என்பது என் அபிப்பிராயம். டீச்சர் எப்படி என்பதை அந்தத் தெருப் பெண்களிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தனியார் பள்ளி என்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாமல் ஒதுக்கும் 25 விழுக்காடு இடம் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்; நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழ். விண்ணப்பத் தேதி வருடத்துக்கு வருடம் மாறுவதால் ஏப்ரல் பிறந்ததிலிருந்தே விசாரித்துக்கொண்டிருங்கள்.

எங்கே சேர்ப்பதாக இருந்தாலும், அட்மிஷன் நாளில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அன்று பலூன் கட்டியிருப்பார்கள். சாதாரண நாளில் பதினொரு மணி வாக்கில் போங்கள். காலை உற்சாகம் வடிந்து, பிள்ளைகள் சிணுங்க ஆரம்பிக்கும் நேரம் அது. மிஸ்ஸின் குரல் அப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். மாடி என்றால் படிக்கட்டுக்குக் கதவு உண்டா என்று பாருங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள்: 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், கூட ஒரு உதவியாளர் என்பது தனியார் ப்ளே ஸ்கூல்களுக்குக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் வகுத்த அளவு. தமிழக அரசும் 2015இல் ப்ளே ஸ்கூல்களுக்கென்று தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: “நாங்க எப்பவாவது உள்ள வந்து உக்காந்து பாக்கலாமா?” உடனே சரி என்று சொல்ல வேண்டும் என்பதில்லை. “முதல் மாசம் வேண்டாம், பசங்க செட் ஆகட்டும், அப்புறம் ஒரு சனிக்கிழமை வாங்க” என்றால் அது நல்ல பதில். “பேரன்ட்ஸ் கேட்டோட சரி” என்றால், பின்னால் எந்தப் பிரச்சினை வந்தாலும் நீங்கள் கேட்டோடு சரிதான்.

ஃபீஸ் விஷயத்தில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மீனவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு வருமானம் நிற்கிற அதே நேரத்தில்தான் அட்மிஷன் ஃபீஸ், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் வந்து நிற்கும். மே மாதக் கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பதைவிட, மார்ச் மாதமே ஆபீசில் போய், “ஆகஸ்ட்ல இருந்து மாசா மாசம் கட்டுறேன்” என்று பேசி, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தடைக்காலம் தெரியாத விஷயமில்லை. முன்கூட்டிச் சொல்கிறவரிடம் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள்.

2. சேர்த்த வாரம்: ஒரு துண்டுச் சீட்டு

விண்ணப்பப் படிவம் அப்பா பெயர், அம்மா பெயர், ஆதார், இரத்த வகை கேட்கும். பிள்ளையைப் பற்றி எதுவும் கேட்காது. அந்தக் குறையை நீங்களே நிரப்புங்கள். அரைப் பக்கத் தாள் போதும்.

அதில் முதலில் எழுத வேண்டியது வீட்டில் பிள்ளை பேசுகிற சொற்கள். ஒன்றுக்குப் போக என்ன சொல்வான்? மூச்சாவா, உச்சாவா, சுச்சுவா? தண்ணீருக்கு என்ன? வலிக்கிறது என்பதை எப்படிச் சொல்வான்? வடசென்னையில் இது சின்ன விஷயமில்லை. ராயபுரத்தில் தெலுங்கு பேசும் வீடு, புளியந்தோப்பில் உருது பேசும் வீடு, சௌகார்பேட்டைப் பக்கம் மார்வாடி, மணலியில் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்கள் என எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். “நீள்ளு” என்று ஒரு பிள்ளை நாலு முறை கேட்டும் மிஸ்ஸுக்குப் புரியாமல், கடைசியில் அவள் கேட்பதையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமலே மத்தியானம் வரை இருப்பாள். வீட்டில் கேட்டால், “ஸ்கூல்ல தண்ணியே குடுக்க மாட்டேங்கறாங்க” என்று புகார்.

அடுத்து, யாரிடம் தூங்குவான், எதைக் கண்டால் பயம் (மிக்சி சத்தம், நாய், மீசை வைத்தவர்கள், ஏதாவது ஒன்று இருக்கும்), அழுதால் எப்படி அடங்குவான். மூச்சிரைப்பு, வலிப்பு, ஏதாவது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாமை இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் காற்றில் நெடி அடிக்கிற நாளில் இழுப்பு வரும் பிள்ளை என்றால், இன்ஹேலர் யார் பையில் இருக்கும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் சீட்டில் இருக்கட்டும்.

வீட்டு நிலைமையும் கொஞ்சம். அப்பா கடலுக்குப் போனால் பல நாள் வர மாட்டார், அம்மா ஹார்பர் பக்கம் வேலை, பகலில் பாட்டிதான், தம்பிப் பாப்பா வரப்போகிறது, இப்படி. குடும்பக் கதை முழுக்க வேண்டாம். பிள்ளையின் நடத்தையில் தெரியக்கூடியதை மட்டும் சொன்னால் போதும். சொல்லத் தயக்கமான விஷயம் என்றால் தாளில் எழுதாமல் மிஸ்ஸிடம் தனியாக வாயால் சொல்லுங்கள். வீட்டில் சண்டை, பிரிவு, சாவு எல்லாம் பிள்ளை எப்படியும் வகுப்பில் ஏதாவது ஒரு வழியில் காட்டிவிடும். காரணம் தெரிந்த மிஸ் அணைத்துக்கொள்வார். தெரியாதவர் அடம் என்று நினைத்துக்கொள்வார்.

சீட்டை ஆபீசில் கொடுத்தால் ஃபைலுக்குள் போய்விடும். வகுப்பு மிஸ் கையிலும், முடிந்தால் ஆயாம்மா கையிலும் கொடுங்கள். பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப் போவது ஆயாம்மாதான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்.

3. அழுகிற நாட்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் அழுகை இருக்கும். அழாத பிள்ளை சிலசமயம் மூன்றாவது வாரம் அழ ஆரம்பிக்கும், பயப்படாதீர்கள்.

பிள்ளை வேடிக்கை பார்க்கும்போது நைசாக நழுவி ஓடுவதை மட்டும் செய்யாதீர்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்ற அதிர்ச்சி அடுத்த நாள் இடுப்பை விட்டு இறங்கவே விடாது. “அம்மா போயிட்டு, நீ சாப்ட்டு முடிச்சதும் வந்துடுவேன்” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டாட்டா காட்டிவிட்டு, உடனே கிளம்புங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாடி கேட்டில் நில்லுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அதற்கும் சேர்த்துக் கிளம்ப வேண்டும்.

முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வீட்டு வாசனை உள்ள ஒரு கைக்குட்டை, அம்மாவின் பழைய துப்பட்டாத் துண்டு எதையாவது பையில் வைத்து அனுப்பலாம். “அழுதா மிஸ் அடிப்பாங்க, போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்” என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரிடமும் இதைக் கறாராகச் சொல்லி வையுங்கள். மிஸ்ஸைப் பூச்சாண்டி ஆக்கிவிட்டு, அதே மிஸ்ஸிடம் பிள்ளையை விட்டால் எப்படி ஒட்டும்?

4. கேட்டில் இரண்டு நிமிடம்

பெற்றோர்-பள்ளி உறவு என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. வருடத்துக்கு மூன்று மீட்டிங் வந்து கையெழுத்துப் போட்டுப் போகிற பெற்றோரைவிட, தினமும் கேட்டில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறவரின் பிள்ளையை மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வரி. “மிஸ், நேத்து நைட்டு சரியாத் தூங்கல.” “காலைல இட்லி சாப்புடல, பிஸ்கட் வச்சிருக்கேன்.” “அவங்க அப்பா இன்னிக்கு விடியக்காலைலதான் கடல்ல இருந்து வந்தாரு, வரவே மாட்டேன்னு அழுதான்.” அவ்வளவுதான். மிஸ்ஸுக்கு அன்றைய நாள் பாதி புரிந்துவிடும்.

திரும்பக் கூட்டிப் போகும்போது கேட்கிற கேள்வியை மட்டும் மாற்றுங்கள். “இன்னிக்கு என்ன எழுதினான்?” என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். “இன்னிக்கு யாரோட விளையாடினான்? எப்ப சிரிச்சான்? எது அவனுக்குக் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் மிஸ் முழிப்பார். ஒரு மாதத்தில், நீங்கள் கேட்பதற்கு முன்னாடியே, “அம்மா, இன்னிக்கு மணல்ல கோட்டை கட்டி, யாரையும் தொடவே விடல” என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

கூட்டத்தில், ஐம்பது பேர் ஸ்கூட்டியோடு நிற்கும் நேரத்தில், நீண்ட பேச்சுக்கு மிஸ்ஸைப் பிடித்து நிறுத்தாதீர்கள். “கொஞ்சம் பேசணும் மிஸ், எப்ப வரட்டும்?” என்று கேட்டால் போதும். பிள்ளைக்கு எதிரிலேயே அவன் குறையைப் பேசுவதும் கூடாது. அவனுக்கு எல்லாம் காதில் விழும்.

சரி, கேட்டுக்கு வருவது நீங்கள் இல்லை, பாட்டிதான் என்றால்? பல வீட்டில் அதுதான் நிலைமை. அப்போது பாட்டிதான் கூட்டாளி. பாட்டியை ஒருநாள் கூட்டிப் போய் மிஸ்ஸிடம் அறிமுகப்படுத்துங்கள். மிஸ் சொன்னதைப் பாட்டி மறந்துவிடுவார் என்றால், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தயங்கும் அம்மாக்களுக்கும் டைரியைவிட இது எவ்வளவோ வசதி. ஆங்கிலத்தில் டைரி எழுதும் பள்ளி என்றால், தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. புரியாமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

ஆட்டோவிலோ வேனிலோ அனுப்புகிறவர்கள் வாரத்தில் ஒருநாளாவது நேரில் போங்கள். யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று பெயரும் போட்டோவும் பள்ளியில் கொடுத்து வையுங்கள். திடீரென்று சித்தப்பாவை அனுப்புவதாக இருந்தால் முன்னாடியே போன் செய்யுங்கள். போன் வராமல் யார் வந்தாலும், அது சொந்த மாமாவாகவே இருந்தாலும், பிள்ளையை அனுப்பாத பள்ளிதான் நல்ல பள்ளி. அன்று கோபப்படாமல் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை வணக்கப் படம் போடாதீர்கள். மற்றவர் பிள்ளையின் போட்டோவை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். உங்கள் பிள்ளையைக் கடித்த பிள்ளையின் பெயரைக் குழுவில் எழுதாதீர்கள்.

5. எழுத்துச் சண்டை

இந்த வயதில் பெற்றோருக்கும் பள்ளிக்கும் வரும் உரசலில் பாதி இதனால்தான். “பக்கத்து வீட்டுப் பையன் ஏ டு இசட் எழுதறான், என் பொண்ணு இன்னும் கோடுதான் போடறா.” மிஸ்ஸுக்கு உள்ளூரத் தெரியும், இது அவசரப்பட வேண்டிய விஷயமில்லை என்று. ஆனால் ஹோம்வொர்க் கொடுக்காவிட்டால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் நிர்வாகம் கொடுக்கச் சொல்கிறது. பள்ளி திணிக்கிறது என்று பெற்றோரும், பெற்றோர் கேட்கிறார்கள் என்று பள்ளியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கையைப் பாருங்கள். மணிக்கட்டில் பெரியவர்களுக்கு எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் இரண்டு, மூன்றுதான் தெரியும். மீதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. மூன்று விரலால் பென்சிலைச் சரியாகப் பிடித்து நகர்த்துவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்து வயதை ஒட்டித்தான் கைகூடுகிறது. அந்தக் கையைப் பிடித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைத்தால், பிள்ளைக்குப் பென்சிலே பிடிக்காமல் போய்விடும்.

அதனால் மிஸ்ஸிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: “எழுத்து மெதுவா வரட்டும் மிஸ். கைக்கு பலம் வர்ற மாதிரி என்ன செய்யலாம், வீட்டுலயும் செய்யறேன்.” இதை நாலு பெற்றோர் சேர்ந்து சொன்னால் வகுப்பே மாறும். மிஸ்ஸுகள் காத்துக்கொண்டிருப்பது இதற்குத்தான்.

வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? சப்பாத்தி மாவு பிசைவது, பூண்டு உரிப்பது, வாசலில் கோலப்பொடி எடுத்துப் புள்ளி வைப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது. எல்லாம் விரலுக்கு வேலை. கேரம் போர்டு இல்லாத தெரு நம் பக்கம் உண்டா? காயை எடுத்துக் கொடுங்கள். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. நிறம் பிரிப்பது, அடுக்குவது, எண்ணுவது, எது அதிகம் என்று பார்ப்பது என்று ஒரு மாதப் பாடம் அதிலேயே இருக்கிறது. மீன் வாங்கப் போனால் நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் மூன்றையும் காட்டி, எது பெரிது எது சின்னது என்று கேளுங்கள். ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை தப்பினாலும் திருத்த வேண்டாம், அடுத்த வண்டி எப்படியும் வரும்.

ராத்திரி ஒரு கதை. புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. அப்பா கடலில் பார்த்தது, பாட்டி ஊரில் நடந்தது எதுவானாலும் சரி, உங்கள் வீட்டு மொழியிலேயே சொல்லுங்கள். “வீட்டுல இங்கிலீஷ்ல பேசுங்க” என்று எந்தப் பள்ளியாவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். வீட்டு மொழியில் நிறையப் பேசிய பிள்ளைக்குத்தான் இன்னொரு மொழியும் சுலபமாக வரும்.

6. உடம்பு சரியில்லை என்றால்

மருந்து கொடுக்காமலே ஒருநாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். காலையில் பாராசிட்டமால் சிரப் ஊற்றிவிட்டு அனுப்பினால் பதினோரு மணிக்குப் போன் வரும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் காய்ச்சல் என்றால் கொப்புளம் காயும்வரை வீட்டில்.

அம்மை போட்டால் சொல்ல மாட்டேன் என்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வேப்பிலை கட்டுவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் உங்கள் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும். பள்ளிக்கு மட்டும் பார்த்த அன்றே சொல்லிவிடுங்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாடியிருந்தே அது பரவும். வகுப்பு மிஸ்ஸோ வேறு ஒரு அம்மாவோ கர்ப்பமாக இருந்தால் ஆபத்து. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் பள்ளி.

பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் குடற்புழு மாத்திரை கொடுப்பார்கள், அன்று லீவு போடாதீர்கள். பால்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை மருத்துவக் குழு வந்து பார்க்கும். பேச்சு, கேட்கும் திறன், நடை எதிலாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அன்று நேரில் இருந்து கேளுங்கள். “எங்க வீட்டுல எல்லாருமே லேட்டாதான் பேசினோம்” என்று மிஸ் சொன்னதைத் தட்டிவிடாதீர்கள். தினமும் இருபது பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கிற கண் அது.

நவம்பர், டிசம்பரில் தண்ணீர் தேங்கும் தெருக்களுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். மழை லீவு அறிவிப்பு காலையில்தான் வரும். நடுப்பகலில் மழை பிடித்து சுரங்கப்பாதை மூடினால் யார் வந்து கூட்டிப் போவது, பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் யார் வீடு என்று அக்டோபரிலேயே இரண்டு மூன்று பெற்றோர் பேசி வைத்து, மிஸ்ஸிடமும் சொல்லிவிடுங்கள்.

7. பி.டி.எம். என்கிற பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்

அப்பாவும் வாருங்கள். சம்பளம் போகும், தெரியும். வருடத்துக்கு ஒருமுறையாவது வாருங்கள். முடியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போனில் பேச மிஸ்ஸிடம் நேரம் கேளுங்கள்.

போவதற்கு முன் இரண்டே விஷயம் யோசித்துக்கொண்டு போங்கள். வீட்டில் பிள்ளை புதிதாகச் செய்கிற ஒன்று, உங்களுக்குக் கவலையாக இருக்கிற ஒன்று. மிஸ் சொல்வதைக் கேட்டதும், “வீட்டுலயும் அப்படித்தான்” அல்லது “வீட்டுல அப்படி இல்லையே” என்று சொல்லுங்கள். அந்த “இல்லையே”தான் முக்கியம். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றால், இரண்டு பேரும் சேர்ந்து துப்பறிய வேண்டிய விஷயம் அது. ரேங்க் கேட்காதீர்கள், எல்.கே.ஜி.யில் ரேங்க் போடுகிற பள்ளியாக இருந்தாலும்கூட.

8. உங்கள் கையில் இருப்பதைக் கொண்டுபோங்கள்

“எங்களுக்கு என்னங்க தெரியும், நாங்க படிக்கல” என்கிறார்கள். எங்கள் வகுப்புக்கு ஒருமுறை ஒரு அப்பா வலை பின்னும் ஊசியும் நைலான் நூலும் எடுத்துக்கொண்டு வந்தார். கிழிந்த ஒரு துண்டு வலையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, பேசாமல் முடிச்சுப் போட ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஒரு பிள்ளை அசையவில்லை. அப்புறம் ஆளுக்கு ஒரு உல்லன் நூல் கொடுத்து நாற்காலிக் காலில் சுற்ற விட்டோம். அவருடைய மகன் அன்றுவரை வகுப்பில் பேசாதவன். “அது எங்க நைனா” என்று எல்லோரிடமும் போய்ச் சொன்னான்.

டெய்லர் அம்மா பட்டன் கொண்டுவரலாம், பூக்கட்டும் பாட்டி நாரும் பூவும் கொண்டுவரலாம், மெக்கானிக் அப்பா கழுவிய நட்டும் போல்ட்டும் கொண்டுவரலாம். வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்க்க ஒரு ஆள் கூட வேண்டும், அவ்வளவுதான். பணம், பெயின்ட் வாளி என்று கேட்கும் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. இதைக் கேட்கும் பள்ளிகள் குறைவு. நீங்களே முன்வந்து சொன்னால் மறுப்பவர்களை நான் பார்த்ததில்லை. இத்தாலியில் ரெஜியோ எமிலியா ஊர்ப் பக்கம் 1945இல், போர் முடிந்த கையோடு, ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கியை விற்ற காசில் பெற்றோர்களே செங்கல் சுமந்து பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இன்று உலகமெங்கும் நர்சரி போர்டுகளில் ‘ரெஜியோ முறை’ என்று எழுதியிருப்பது அங்கே தொடங்கியதுதான்.

போர்டு என்றதும் இன்னொன்று. இளம்பருவக் கல்வி வாழ்க்கையையே மாற்றும் என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் அமெரிக்காவில் பெர்ரி என்ற பாலர் பள்ளியை வைத்து நடந்த ஆய்வைக் காட்டுவார்கள். 1962 முதல் 1967 வரை மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் நடந்தது. அந்தப் பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். போனவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், போலீசில் மாட்டியது குறைவு. நோட்டீஸில் வராத விஷயம், அங்கே ஆசிரியர்கள் வாரா வாரம் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய், அம்மாவோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பது. நம் மிஸ்ஸுகளுக்கு அவ்வளவு நேரமும் சம்பளமும் யார் தரப்போகிறார்கள்? ஆனால் வருடத்தில் ஒருமுறை, “எங்க வீட்டுக்கு ஒரு டீ குடிக்க வாங்க மிஸ்” என்று கூப்பிடலாம். ஒண்டிக் குடித்தனம், ஒரே ரூம் என்று வெட்கப்படாதீர்கள். அந்த ரூமில் இடமில்லாததால்தான் அவன் வகுப்பில் ஓடிக்கொண்டே இருக்கிறான் என்று மிஸ்ஸுக்குப் புரியட்டும்.

9. மனக்கசப்பு வந்தால்

கடித்துவிட்டான், கீறிவிட்டான், டிபன் திரும்பி வந்தது, பென்சில் காணோம். இவை மிஸ்ஸோடு முடிய வேண்டியவை. பிள்ளை சொன்னதை நம்புங்கள். ஆனால் “என்ன நடந்துச்சு மிஸ்?” என்று கேட்டுக்கொண்டு போங்கள், தீர்ப்பு எழுதிக்கொண்டு போகாதீர்கள். மிஸ்ஸிடம் தீராவிட்டால் தலைமையாசிரியர். பால்வாடி என்றால் அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் இருக்கிறார்கள்.

அடி வேறு விஷயம். உடம்பில் தழும்பு, பிள்ளை திடீரென்று ஒரு ஆளைக் கண்டு ஒதுங்குவது, குளிக்க வைக்கும்போது குறிப்பிட்ட இடத்தைத் தொட விடாமல் கத்துவது, இதற்கெல்லாம் கேட்டில் நின்று பேச்சுவார்த்தை கிடையாது. பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்காமல், சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பள்ளியின் பேர் கெட்டுவிடும், அக்கம்பக்கம் என்ன பேசும் என்றெல்லாம் யோசிக்கிற இடம் இது இல்லை.

மிஸ்ஸுக்கு நன்றி சொல்லவும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். நர்சரி மிஸ்ஸுகளின் சம்பளம் என்னவென்று கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆசிரியர் தினத்துக்குப் பேனா கொடுப்பதைவிட, தலைமையாசிரியர் காதில் விழும்படி, “இந்த மிஸ்ஸாலதான் எங்க பொண்ணு பேச ஆரம்பிச்சா” என்று ஒரு வரி சொன்னால் அவருக்கு அது உதவும்.

10. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது

பிப்ரவரி, மார்ச்சில் மிஸ்ஸிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எதில் கை கொடுக்க வேண்டும், யாரோடு ஒட்டும் என்று. சேர்க்கும்போது நீங்கள் கொடுத்த சீட்டைப் போலத்தான், இந்த முறை அவர் எழுதித் தருகிறார். புதுப் பள்ளியின் வகுப்பாசிரியரிடம் அதை முதல் வாரமே நேரில் கொடுங்கள். புதுப் பள்ளியை மே மாதமே ஒருமுறை வெளியிலிருந்தாவது காட்டிவிடுங்கள்.

காகித வேலையில் ஒன்று மறக்க வேண்டாம். நர்சரியில் சேர்த்தபோதே பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கான எண்) போட்டிருப்பார்கள். வேறு பள்ளிக்கு மாறும்போது பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஜூன் மாதம் இரண்டு ஆபீசுக்கும் நடுவில் அலையாமல் இருக்க, கடைசி வேலை நாளுக்கு முன்பே எமிஸ் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, எப்போது விடுவிப்பார்கள் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.